டிக்கியில் இரண்டு தட்டு

சீனப் புத்தாண்டு வாரத்தில் ஜெலுத்தோங்கில் யாருக்கும் கார் கெட்டுப்போகக் கூடாது. பட்டறைக்காரர்கள் இரும்புக் கதவை இறக்கி, வாசலில் சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டு, குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள். தியாகராஜாவின் பழைய வீரா கார் அந்த வாரமாகப் பார்த்துத்தான் கீச்சிட ஆரம்பித்தது. முதலில் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எலி மாதிரி ஒரு சத்தம். இரண்டு நாளில் இரும்பும் இரும்பும் உரசுகிற ஓலம் முனைக்கடை வரைக்கும் கேட்டது. அதற்காகக் கிழவர் காரை எடுக்காமல் இருந்தாரா என்றால், அதுதான் இல்லை.

மருமகன் யுகேந்திரன் வாயை விட்டது அப்போதுதான். முன்சக்கர பிரேக் பேட்தானே, நானே வீட்டில் மாற்றிவிடுகிறேன் மாமா என்று சொல்லிவிட்டான். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். கார் வேலை அவன் வேலை அல்ல. ஆனாலும் கல்யாணமாகி ஆறு வருஷம் மாமனார் வீட்டிலேயே இருக்கிறவனுக்கு ஒரு நல்ல பேர் எடுக்க ஆசை இருக்காதா? அவன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மாமனாரின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். இந்த வித்தியாசத்தை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் அந்தக் காரின் சாவி ஒருநாள்கூட அவன் கைக்கு வந்ததில்லை.

சாவி யார் கைக்கும் வராது. எழுபத்தாறு வயதிலும் தியாகராஜாதான் ஓட்டுவார். மனைவி பத்மாவதியைச் சந்தைக்கும் கோயிலுக்கும் அவரே கூட்டிப் போவார். யுகேந்திரனின் மனைவியான அவர்கள் மகள் தர்மினி, கார் திரும்பி வரும்வரை கேட்டருகிலேயே நிற்பாள். போன மாதம் கேட் தூணில் உரசிவிட்டு, தூண்தான் முன்பைவிடக் கிட்ட வந்திருக்கிறது என்பதுபோலப் பேசினார். மெல்பர்னில் இருக்கும் மகன் அருணன் வாராவாரம் போனில் அவளைத்தான் கடிந்துகொள்வான், அப்பாவை ஓட்டவிடாதே என்று. அவள் சொல்வாள். அவர் அன்று முழுவதும் சாப்பிடமாட்டார். மறுநாள் வழக்கம்போல ஓட்டுவார்.

அந்த வீட்டில் காரை வெளியே எடுப்பதே ஒரு சடங்கு. தாழ்வாரத்தில் மூக்கை உள்ளே நுழைத்து நிறுத்தியிருக்கும். பின்னால் கேட்டைத் தாண்டியதும் சாக்கடைமேல் போட்ட சிமெண்டுச் சரிவு, அப்புறம் குறுகிய சந்து, சந்துக்கு அந்தப்புறம் ஹக்கீம் வீட்டு மதில். பத்மாவதி முதலில் போய் மதிலோரம் நின்றுகொள்வார். "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிடுவார். கார் சரிவில் இறங்கி வந்ததும் டிக்கியில் இரண்டு தட்டு தட்டுவார். நின்றுவிட வேண்டும் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், கார்கள் மாறினாலும் தட்டு மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யுகேந்திரன் வேலையை ஆரம்பித்தான். தியாகராஜா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். இதற்குள் பத்மாவதி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். காரில் புதிதாக எதை மாட்டினாலும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, பிள்ளையார் கோயில் வாசலுக்கு ஒருதரம் போய்வர வேண்டும். அதுவும் நாலரைக்கு ராகு காலம் தொடங்குமுன் வண்டி வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கழற்றியது சுலபமாகத்தான் நடந்தது. பழைய பேட் தகடுபோல் தேய்ந்திருந்தது. இடதுபக்கம்தான் உயிரை வாங்கியது. போல்ட் அசையவில்லை. அதை ஒருவழியாகத் திருப்பினால், பேடை அழுத்துகிற பிஸ்டன் உள்ளே போக மறுத்தது. கிளாம்ப் வைத்து இறுக்க இறுக்க அவன் கை வழுக்கியது. பின்னாலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அதைத் திருப்ப வேண்டுமோ, இதில் எண்ணெய் விட வேண்டுமோ, உமக்கு நிச்சயமாகத் தெரியுமோ. தெரியும் மாமா, தெரியும் மாமா என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். எத்தனை தரம் சொன்னானோ, அத்தனை தரமும் தெரியாது என்று சொல்கிற வாசல் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டு வந்தது.

நாலு மணியும் தாண்டித்தான் சக்கரங்கள் மாட்டி, கார் தரையில் இறங்கியது. முட்டுகளை எடுத்து ஓரமாகப் போட்டான். இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. புதுப் பேடுக்கு இடம் விடுவதற்காக உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் திரும்ப வெளியே வந்து பேடைத் தொட வேண்டும். அதற்கு, வண்டி நிற்கும்போதே பிரேக்கை நாலைந்து தரம் மிதித்துவிட வேண்டும். மிதிக்காமல் ஓட்டினால் முதல் மிதி வெறும் மிதி. கால் தரை வரைக்கும் போகும், கார் பாட்டுக்கு ஓடும்.

அவன் கதவைத் திறந்தான். ஓட்டுநர் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. பத்மாவதி வாரம் ஒருதரம் துவைத்து, கஞ்சி போட்டு விரிக்கிற துண்டு. பின்னால் தியாகராஜா தொண்டையைக் கனைத்தார்.

"உந்தக் கோலத்தோட அதில இருக்க வேண்டாம் தம்பி."

அவன் தன்னைப் பார்த்துக்கொண்டான். கைலியெல்லாம் கறுப்பு மசகு. நியாயம்தான். குளித்துவிட்டு வந்து மிதித்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினான். எல்லாம் முடிந்ததா என்று அவர் கேட்டார். அந்த இடத்தில், இன்னும் இல்லை, பிரேக் இன்னும் பிடிக்காது, தொடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் புருவம் உயரும். இவ்வளவு நேரம் என்ன செய்தீர் என்று அது கேட்கும். இந்த ஒரு புருவத்துக்குப் பயந்து மனுஷன் என்னவெல்லாம் செய்வான் பாருங்கள்.

"முடிஞ்சிருச்சு மாமா" என்றான்.

குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது முன்வாசலில் இன்ஜின் உறுமியது. யாரோ சந்தில் போகிறார்கள் என்று முதலில் நினைத்தான். பிறகு பத்மாவதியின் குரல் கேட்டது. "வாங்கோ, வாங்கோ."

சோப்புக் கையோடு கதவைத் திறந்தான். கைலியைச் சுற்றிக்கொண்டானா, பிடித்துக்கொண்டு ஓடினானா என்பது அவனுக்கே தெரியாது. கூடத்தில் கால் வழுக்கி, கதவு நிலையில் தோள் இடித்து, தாழ்வாரத்துக்கு வந்தபோது கார் அங்கே இல்லை. தரையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. காரின் பின்பாதி கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. "மாமா" என்று அவன் போட்ட கத்தல் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போகவில்லை.

சரிவில் கார் மெதுவாகத்தான் வரும். அன்று மெதுவாக வரவில்லை. பத்மாவதி கையில் கற்பூரத் தட்டோடு மதிலோரம் நின்றார். தட்டுவதற்கு மறுகையை நீட்டினார். நீட்டிய கையை டிக்கி தள்ளிக்கொண்டு வந்தது. அவர் பின்னுக்கு நகர்ந்தார். பின்னால் மதில். தட்டு கீழே விழுந்து உருண்டது. யுகேந்திரன் காருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் நுழைய முடியாமல் தவித்தான். அவனால் முடிந்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

டிக்கிக்கும் பத்மாவதியின் வயிற்றுக்கும் நடுவே ஒரு புத்தகம் போகும் அளவு இடம் இருந்தது.  அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்து, கீழே விழுந்த தட்டைக் குனிந்து எடுத்தார். 

தர்மினி அலறிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஹக்கீம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, யாருக்கும் அடியில்லையே என்று விசாரித்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தியாகராஜா காரிலிருந்து இறங்கவே நேரமாயிற்று. இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு, தன் வலது காலையே பார்த்தபடி நின்றார்.

"மிதிச்சனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மிதிக்கேல்லைப் போல. கால் வேற எங்கயோ போயிட்டுது. பிறகுதான் பிடிச்சுது" என்றார்.

பதற்றத்தில் அவர் திரும்பத் திரும்ப மிதித்திருக்கிறார். அதனால்தான் கார் நின்றது. யுகேந்திரனுக்கு அது அந்த நொடியே புரிந்தது. சந்தில் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கியதால், சோப்பு வழிகிற ஈரக் கைலியோடு அவனே அந்த வெள்ளைத் துண்டின்மேல் உட்கார்ந்து காரை உள்ளே கொண்டுவந்தான். பிரேக்கை மிதித்தான். கல் மாதிரி இருந்தது. இனி உலகத்தில் எந்தப் பட்டறைக்காரன் வந்து பார்த்தாலும் ஒரு குறையும் சொல்லமாட்டான். செய்த தப்பு தன்னைத்தானே துடைத்துக்கொண்டு போய்விட்டது.

பிரேக் எப்படி இருக்கிறது என்று தியாகராஜா கேட்டார். நன்றாக இருக்கிறது என்று இவன் சொன்னான். உண்மைதான், ஆனால் சொன்ன வாய் கசந்தது. சாவியை அவரிடம் நீட்டினான்.

அவர் வாங்கவில்லை. "நீரே வைச்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு வருஷமாகக் கிடைக்காத சாவி அது. யுகேந்திரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

சமையலறையில் தர்மினி அம்மாவுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டே அருணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அழுதாள், ஆனால் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அப்பாவே சாவியைக் கொடுத்துவிட்டார் என்றாள். போனை வைத்ததும் யுகேந்திரன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மிதித்து வைக்க வேண்டியதை மிதிக்காமல் போனது, சீட்டுத் துண்டு, முடிந்துவிட்டது என்று சொன்னது, எல்லாம். அவள் முகம் வெளுத்தது. அவனை அடித்துவிடுவாள் போலிருந்தது. அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"தர்மினி, தப்பு என்னோடது."

"தெரியுது லா. உங்களை நான் அப்புறம் கவனிச்சுக்கிறேன். ஆனா எத்தன வருஷமா இதுக்குச் சண்ட போடுறோம்? போன மாசம் தூணு. அடுத்த மாசம் யாரோட புள்ளையோ. இன்னிக்கி அவரே விட்டுட்டாரு. நீங்க போய் உண்மையச் சொன்னா நாளைக்கே திரும்ப ஓட்டுவாரு."

அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அவனுக்கே அந்தக் கிழவரின் ஓட்டத்தில் நம்பிக்கை கிடையாது. பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. அவனுக்கும் நல்லது. சாவி வேறு கையில் இருக்கிறது. இவ்வளவு நல்லது ஒரே இடத்தில் சேர்ந்து வந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. தேநீரை எடுத்துக்கொண்டு மாமியார் அறைப்பக்கம் போனான்.

கதவு பாதி திறந்திருந்தது. தியாகராஜா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் அழுத்தி எடுத்தார், மறுபடி அழுத்தினார். தன்னுடையதல்லாத ஒரு சாமானைச் சோதிப்பது போல அதைக் குனிந்து பார்த்தார். பத்மாவதி பக்கத்தில் வந்து அவர் முழங்காலைத் தொட்டார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"என்ர பக்கத்தில வராதையும்" என்றார். "உம்மையே கொல்லப் பார்த்தனான்."

யுகேந்திரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய்த் தேநீரை வைத்தான்.

"மாமா, அது உங்க கால் இல்ல. பேட் மாத்துனா மொதல்ல பிரேக்க மிதிச்சு வைக்கணும். நான் மிதிக்கல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல. நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க."

வாசலில் வந்து நின்ற தர்மினி கண்ணை மூடிக்கொண்டாள். தியாகராஜா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. அவர் இரக்கத்தோடு சிரித்தார்.

"நீர் நல்ல பிள்ளை. என்ர மனம் ஆறவேணும் எண்டு சொல்லுறீர். ஆனால் பிரேக் நல்லா இருக்குது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவனை நல்ல பிள்ளை என்றார். அதுவும் இப்படி. அவன் மறுபடி விளக்கினான். பிஸ்டன் என்றான், இடைவெளி என்றான், பலமுறை மிதித்ததால்தான் சரியானது என்றான். அவன் விளக்க விளக்க, அது பொய் போலவே கேட்டது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.

யுகேந்திரன் பேச்சை நிறுத்தினான். வெளியே போய் ஜாக்கியை எடுத்தான்.

ராகு காலம் தொடங்கிவிட்டது, இப்போது எதையும் கழற்ற வேண்டாம் என்று பத்மாவதி பின்னாலேயே வந்து சொன்னார். அவன் கேட்கவில்லை. தர்மினி பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், அதையும் கேட்கவில்லை. முட்டுக்கொடுத்தான். முன்சக்கரங்களைக் கழற்றினான். இரண்டு பக்கமும் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை முன்போலவே உள்ளே தள்ளினான். குளித்த உடம்பு மறுபடி மசகாயிற்று. சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கினான். கதவைத் திறந்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வந்து மிதிச்சுப் பாருங்க மாமா. ஒரே ஒரு தடவ."

தியாகராஜா வரத் தயங்கினார். பிறகு வந்து, ஈரமும் சோப்பும் காய்ந்து கறை பிடித்திருந்த துண்டின்மேல் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கிப் பிரேக்கின்மேல் வைத்தார். அழுத்தினார்.

கால் தடையே இல்லாமல் கீழே போயிற்று. தரையில் போய் நின்றது.

அவர் காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி சிவந்தது. "பத்மா" என்று கூப்பிட்டார். பத்மாவதி ஜன்னல் பக்கம் வந்தார். "என்ர கால் இல்லை" என்றார் அவரிடம். இன்னும் ஒருதரம் சொன்னார். பத்மாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அவர் யுகேந்திரன் பக்கம் திரும்பினார். அவன் காத்திருந்த கோபம் இப்போது வந்தது.

"முடிஞ்சுது எண்டு சொன்னனீர். என்ர மனுசி பின்னால நிண்டவ. ஒரு சொல்லு சொல்ல உமக்கு என்ன?"

 உங்கள் புருவத்துக்குப் பயந்தேன் என்று எந்த மனுஷன் சொல்வான்? யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். தியாகராஜா மறுபடி மிதித்தார். மறுபடி. ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, கடைசியில் கால் இறங்காமல் இறுகி நின்றது. அதைப் பலமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை வெளியே நீட்டினார். யுகேந்திரன் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"முட்டுகளை எடும்" என்றார். "எடுத்துப்போட்டுப் பின்னால போய் நில்லும்."

"அப்பா, வேணாம்" என்றாள் தர்மினி.

"அவர்தானே சொன்னவர், நான் சரியா மிதிச்சனான் எண்டு. அவரே நிக்கட்டும்."

யுகேந்திரன் முட்டுகளை எடுத்தான். கேட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, சந்தைக் கடந்து, மதிலில் முதுகு படும்படி பத்மாவதி நின்ற அதே இடத்தில் நின்றான். கற்பூரத்தின் கருகல் வாடை இன்னும் இருந்தது. பிரேக் சரியாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கால் சரியாக இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். தெரிந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மதிலில் முதுகை வைத்தபோதுதான் புரிந்தது. சத்தியமாக அவனுக்குப் பயமாக இருந்தது.  இன்ஜின் உறுமியது.

"வாங்க மாமா, வாங்க" என்று கூப்பிட்டான். குரல் கீச்சென்று வந்தது.

கார் பின்னோக்கி வந்தது. பின்சக்கரம் சரிவில் இறங்கியது. டிக்கி வளர்ந்துகொண்டே வந்தது. அவன் கையை நீட்டினான். ஒருதரம் தட்டினான். இரண்டாவது தட்டுக்குக் கையை ஓங்குமுன்பே கார் குலுங்காமல், சத்தமில்லாமல் நின்றது. அவனுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நுழைந்துபோகலாம்.

தியாகராஜா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"இனி அவ அங்க நிக்கமாட்டா" என்றார். "நான் ஓட்டுற வரைக்கும் நீர்தான் நிப்பீர்."

"சரி மாமா" என்றான் யுகேந்திரன். பாக்கியிருந்த ஒரு தட்டையும் டிக்கியில் தட்டினான்.